வீட்டிலிருந்து தோட்டக் கொட்டிலுக்கு மின்சாரம் கொண்டுசெல்லல்

துலாவினால் நீரிறைத்த காலம் கழிந்து, மண்ணெண்ணெயால் இயங்கும் நீர்ப்பம்பிகள் தோட்டங்களுக்கு வந்தன. இன்று வீட்டிலே மின்சாரமுள்ள கமக்காரர் பலர் அதனையே கிணற்றடிக்கும் கொட்டிலுக்கும் கொண்டுசெல்ல விரும்புகின்றனர். மின்பம்பிக்கு எரிபொருள் சுமக்க வேண்டியதில்லை. வெங்காயக் கொட்டிலில் இரவில் விளக்கு ஏற்றலாம். நெல்லைத் தூற்றும் விசிறியைச் சுழற்றலாம். மருந்து தெளிக்கும் கருவியின் பற்றரியை அங்கேயே ஏற்றிக்கொள்ளலாம்.

ஆயினும் ஒரு விடயத்தை முதலிலேயே உணர்ந்துகொள்ளல் வேண்டும். வீட்டிலுள்ள மின்சாரமும் தோட்டத்திலுள்ள மின்சாரமும் ஒன்றேயாயினும், அவற்றால் வரும் ஆபத்து ஒரே அளவினதன்று. வீட்டில் ஒருவர் பெரும்பாலும் உலர்ந்த சீமெந்துத் தரையில் நிற்கின்றார். தோட்டத்திலோ வெறுங்காலுடன், நனைந்த கையுடன், நீர் பாய்ந்த மண்ணில் நிற்கின்றார். வீட்டிலே ஒரு சிறு அதிர்ச்சியுடன் நீங்கும் குறைபாடு, கிணற்றடியில் உயிரைப் பறித்துவிடும். ஆகவே இவ்வேலையைச் செய்விக்கும்போது கமக்காரர் அறிந்திருக்க வேண்டியவை இங்கு கூறப்படுகின்றன. இணைப்பு வேலையைத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற்ற மின்னிணைப்பாளரே செய்தல் வேண்டும். வழியைத் தெரிதல், அகழி வெட்டுதல், தக்க பொருள்களை வாங்குதல், பின்னர் பராமரித்தல் ஆகியன கமக்காரரின் கையில் உள்ளவை.

மின்சாரம் தாக்கும் விதம்

இலங்கையில் வீடுகளுக்கு வழங்கப்படும் மின்சாரம் 230 வோல்ற் அளவினது. நனைந்த உடலின் தடை ஏறக்குறைய 1000 ஓம் எனக் கொண்டால், கம்பியைத் தொட்டவரின் உடலினூடாக 230 மில்லியம்பியர் மின்னோட்டம் செல்லும். 10 மில்லியம்பியர் அளவிலேயே கைத்தசைகள் இறுகிப் பிடித்ததை விட முடியாத நிலை ஏற்படலாம். 50 மில்லியம்பியருக்கு மேற்பட்ட ஓட்டம் ஓரிரு விநாடி நீடித்தாலே இதயத்தின் துடிப்பு குழம்பி மரணம் நேரலாம்.

பகிர்வுப் பெட்டியிலுள்ள 16 அம்பியர் எம்.சீ.பீ. இதனைத் தடுக்குமெனச் சிலர் எண்ணுவர். அது தவறு. 16 அம்பியர் என்பது 16,000 மில்லியம்பியராகும். மனிதனைக் கொல்லும் ஓட்டம் எம்.சீ.பீ.க்குத் தெரியவே மாட்டாது. எம்.சீ.பீ. கம்பியைக் காக்கும், மனிதனைக் காப்பது ட்ரிப் சுவிச்சும் புவித்தொடுப்புமே.

வேலை தொடங்குமுன்

கொட்டிலில் எவ்வெவற்றை இயக்கப் போவதென முதலில் ஒரு கணக்கெடுத்தல் நன்று. இன்றைக்குத் தேவையானதை மட்டுமன்றி, ஐந்தாண்டுகளில் வாங்கக்கூடியதையும் அதிற் சேர்த்தல் வேண்டும். அகழியை மீண்டும் வெட்டுவதிலும் சற்றுப் பருமனான கம்பியை இப்போதே இடுதல் சிக்கனமாகும்.

பெரும்பாலான வீடுகளின் இணைப்பு ஒற்றைக் கட்ட 30 அம்பியர் அளவினது. ஒரு குதிரைவலுப் பம்பி இயங்கும்போது சுமார் 6 அம்பியர் எடுக்கும். ஆதலால் சிறு பம்பிக்கும் சில விளக்குகளுக்கும் வீட்டு இணைப்புப் போதியது. பெரிய பம்பி அல்லது அரைக்கும் இயந்திரம் வைப்பதாயின், மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடம் முன்கூட்டியே விசாரித்து, இணைப்பின் அளவையும் கட்டண வகையையும் அறிந்துகொள்ளல் வேண்டும். தன் வீட்டு மானியிலிருந்து பக்கத்துக் காணிக்காரருக்கு மின்சாரம் கொடுத்தல் ஆகாது.

பழைய வீடாயின், வீட்டினுள் உள்ள இணைப்பையும் சோதிப்பித்தல் அவசியம். வீட்டிலே ட்ரிப் சுவிச்சு இல்லையெனின் அதனைப் பொருத்திய பின்னரே தோட்டவேலையைத் தொடங்கலாம்.

கம்பியின் பருமன்

கொட்டிலுக்குரிய கம்பி வீட்டிலுள்ள ஏதாவதொரு பிளக்கிலிருந்து பிரிக்கப்படுதல் கூடாது. பகிர்வுப் பெட்டியில் அதற்கெனத் தனி எம்.சீ.பீ. பொருத்தி, அங்கிருந்தே தொடங்குதல் வேண்டும்.

கம்பி நீளுந்தோறும் மறுமுனையில் வோல்ற்றளவு குறையும். மெல்லிய கம்பியில் இக்குறைவு அதிகம். விளக்கு மங்கி எரிவதால் பெரும் நட்டமில்லை. பம்பியின் நிலை வேறு. மோட்டர் தொடங்கும் கணத்தில், இயங்கும்போது எடுப்பதிலும் ஐந்தாறு மடங்கு ஓட்டத்தை எடுக்கும். அப்போது வோல்ற்றளவு மிகக் குறைந்தால் மோட்டர் சுழலாது முனகி நின்று சூடேறி, சுருள் எரிந்துவிடும். மோட்டரின் தொடக்க வலு வோல்ற்றளவின் இருபடிக்கு ஏற்ப மாறுவதே இதற்குக் காரணம். வோல்ற்றளவு நாலிலொரு பங்கு குறைந்தால் தொடக்க வலு ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

உதாரணமாக, வீட்டிலிருந்து 60 மீற்றர், அதாவது சுமார் 200 அடி தூரத்திலுள்ள கிணற்றில் ஒரு குதிரைவலுப் பம்பி வைக்கப்படுவதாகக் கொள்வோம். இயங்கும் ஓட்டம் 6 அம்பியர், தொடக்க ஓட்டம் 30 அம்பியர் எனக் கொண்டால், செப்புக் கம்பியில் ஏற்படும் குறைவு ஏறக்குறையப் பின்வருமாறு அமையும்:

1.5 சதுர மில்லிமீற்றர் கம்பி: இயங்கும்போது 10 வோல்ற், தொடங்கும்போது 52 வோல்ற்.
2.5 சதுர மில்லிமீற்றர் கம்பி: இயங்கும்போது 6.5 வோல்ற், தொடங்கும்போது 32 வோல்ற்.
4 சதுர மில்லிமீற்றர் கம்பி: இயங்கும்போது 4 வோல்ற், தொடங்கும்போது 20 வோல்ற்.
6 சதுர மில்லிமீற்றர் கம்பி: இயங்கும்போது 2.6 வோல்ற், தொடங்கும்போது 13 வோல்ற்.

முதலாவது கம்பியில் மோட்டருக்குக் கிடைப்பது தொடக்கத்தில் 178 வோல்ற் மட்டுமே. கிராமங்களில் மாலைவேளையில் யாவரும் விளக்கேற்றும்போது மின்சாரமே தளர்ந்து வருவதுமுண்டு. ஆகவே இத்தூரத்துக்கு 4 சதுர மில்லிமீற்றர் கம்பியே தக்கது. 100 மீற்றருக்கு 6 சதுர மில்லிமீற்றர் வேண்டும். ஏழிழைக் கம்பிகளில் 7/0.67 என்பது 2.5 சதுர மில்லிமீற்றர், 7/0.85 என்பது 4, 7/1.04 என்பது 6 ஆகும். மெல்லிய கம்பியில் மிச்சப்படுத்திய பணம், வெங்காயம் காய் பருக்கும் வாரத்தில் மோட்டர் எரிந்து இறைப்புத் தவறினால் ஒரே நாளிற் போய்விடும்.

நிலத்தின் கீழ்க் கொண்டுசெல்லல்

இதுவே எல்லாவற்றினும் சிறந்த முறை. இதற்கு உருக்குக் கம்பியாற் கவசமிட்ட கேபிளையே பயன்படுத்தல் வேண்டும். வீட்டுச் சுவரிற் பதிக்கும் சாதாரண வெள்ளைக் கேபிள் மண்ணிற் புதைப்பதற்குரியதன்று. எலி கடித்தும், ஈரம் புகுந்தும், மண்வெட்டி பட்டும் அது விரைவில் பழுதாகும்.

அகழியின் ஆழம் நிலத்தின் பயன்பாட்டுக்கேற்ப அமைதல் வேண்டும். வளவினுள் நடைபாதையோரம் 2 அடி போதும். உழவியந்திரம் கடக்கும் இடத்திலும், செய்கைபண்ணும் நிலத்திலும் 3 அடி ஆழம் நன்று. கூடியவரை பயிர்ப்பாத்திகளின் நடுவே செல்லாது, எல்லையோரமாகவோ வரம்போரமாகவோ வழியைத் தெரிதல் வேண்டும். வாழையும் தென்னையும் நடும் குழிகளுக்குக் கிட்டவும் கேபிள் செல்லலாகாது.

அகழியின் அடியிற் கூரிய கற்களை நீக்கி, 3 அங்குலக் கனத்துக்கு மணல் பரப்பி, அதன்மேற் கேபிளை வளைவு நெளிவின்றி இட்டு, மேலும் 3 அங்குலம் மணலால் மூடுதல் வேண்டும். அதன்மேற் செங்கல் அல்லது பழைய ஓடுகளை வரிசையாக அடுக்கி, மண்ணிட்டு நிரப்பி வரும்போது, மேற்பரப்புக்கு ஓரடி கீழே மஞ்சள் நிற எச்சரிக்கை நாடாவை விரித்தல் வேண்டும். பின்னொரு காலத்தில் அலவாங்கு போடுபவருக்கு அந்நாடா முதலிற் தென்பட்டு உயிரைக் காக்கும். அகழியை மூடுமுன் கேபிள் செல்லும் வழியை, வீட்டு மூலையிலிருந்து அளந்த அடிக்கணக்குடன் ஒரு தாளில் வரைந்து பகிர்வுப் பெட்டியருகே வைத்தல் வேண்டும். தந்தை வெட்டிய அகழி எங்கே சென்றதென மகனுக்குத் தெரியாது போதல் பல விபத்துகளுக்குக் காரணமாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் நிலங்களிற் பல இடங்களில் ஓரிரு அடிக்குக் கீழே சுண்ணாம்புக்கல் வந்துவிடும். அங்கே மேற்கூறிய ஆழம் கிடையாது. அவ்விடங்களிற் கவசக் கேபிளைத் தடித்த பீ.வீ.சீ. குழாயினுள் செலுத்தி, கல்லின்மேற் கிடத்தி, அதன்மேல் 3 அல்லது 4 அங்குலக் கனத்துக்குக் கொங்கிறீற்று இட்டு மூடலாம். அவ்வாறும் இயலாதெனின், மதிலோரமாகக் குழாயைப் பற்றுகளால் இறுக்கிக் கொண்டுசெல்லலாம்.

மேலாகக் கொண்டுசெல்லல்

குறுகிய தூரத்துக்கு மேலாக இழுத்தலும் உண்டு. இதில் கேபிளின் பாரத்தைக் கேபிளே தாங்கலாகாது. இரு முனைகளிலும் உறுதியான தூண் நாட்டி, நாகமுலாமிட்ட உருக்குத் தாங்குகம்பியை இறுக்கிக் கட்டி, அதனின்றும் கேபிளைத் தொங்கவிடல் வேண்டும். வெயிலைத் தாங்கும் கறுப்பு உறையுள்ள கேபிளே இதற்கு ஏற்றது. ஆட்கள் மட்டும் செல்லுமிடத்தில் 12 அடிக்குக் குறையாமலும், உழவியந்திரமோ வைக்கோல் ஏற்றிய வண்டியோ செல்லுமிடத்தில் 17 அடிக்குக் குறையாமலும் உயரம் இருத்தல் வேண்டும். மாங்காய் பறிக்கும் கொக்கத்தடி, நீர்பாய்ச்சும் அலுமினியக் குழாய், மரமேறும் ஏணி ஆகியன இவ்வழியிற் படாதவாறு இடத்தைத் தெரிதல் அவசியம். பனை, தென்னை ஆகியவற்றின் ஓலை விழும் இடமும் தவிர்க்கப்படல் வேண்டும்.

முற்றாக விலக்க வேண்டியவை

கதியால் வேலியோரமாகக் கேபிளைக் கட்டிச் செல்லும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. கிளுவையும் பூவரசும் வளருந்தோறும் கட்டு இறுகிக் கேபிளின் உறையை அறுக்கும். வேலி வெட்டும் கத்தி ஒருநாள் அதனையும் வெட்டும். வாடைக்காற்றில் வேலி ஆடும்போது கம்பி தேயும். மழையில் வேலி முழுவதுமே மின்னேறியதாக மாறலாம்.

உயிர்க்கம்பி ஒன்றை மட்டும் கொட்டிலுக்கு இழுத்து, மற்றைய கம்பிக்குப் பதிலாகக் கிணற்றுக் குழாயையோ புவித்தொடுப்புக் கோலையோ பயன்படுத்துதல் கொடிய செயலாகும். அவ்வாறு செய்த இடத்தில் கோலைச் சூழ்ந்த மண்ணும் குழாயுமே மின்னேறியிருக்கும். துண்டு துண்டான கம்பிகளை முறுக்கி நாடா சுற்றி நீட்டுதலும், நீட்டிப்புப் பிளக்கைப் புல்லின்மேல் நிரந்தரமாகக் கிடத்தலும் அவ்வாறே ஆபத்தானவை.

புவித்தொடுப்பும் ட்ரிப் சுவிச்சும்

பம்பியின் உள்ளே உயிர்க்கம்பியின் உறை கெட்டு உடற்பகுதியைத் தொட்டால், பம்பி முழுவதும் மின்னேறும். பம்பியின் உடல் புவியுடன் கம்பியால் இணைக்கப்பட்டிருப்பின் அம்மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிச் செல்லும். இதுவே எர்த் எனப்படும் புவித்தொடுப்பின் பயன்.

ஆயினும் புவித்தொடுப்பு மட்டும் போதாது. கோடையில் வரண்ட நிலத்தில் நாட்டிய கோலின் தடை 100 ஓம் எனக் கொள்வோம். அப்போது அதனூடாகச் செல்லும் ஓட்டம் 2.3 அம்பியர் மாத்திரமே. 16 அம்பியர் எம்.சீ.பீ. இதற்கு விழமாட்டாது, பம்பி மின்னேறியபடியே ஓடிக்கொண்டிருக்கும். 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிச்சோ, செல்லும் ஓட்டத்துக்கும் திரும்பும் ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு ஒரு விநாடியின் சிறு பகுதியில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஆகவே புவித்தொடுப்பும் ட்ரிப் சுவிச்சும் ஒன்றுக்கொன்று துணையாவன. ஒன்றிருப்பதால் மற்றையதை விடலாகாது.

கொட்டிலுக்கெனத் தனியாக 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிச்சு இருத்தல் வேண்டும். வீட்டின் சுவிச்சும் அதே அளவினதாயின், தோட்டத்திற் குறைபாடு வரும்போது வீடும் இருளடையலாம். இதனை எவ்வாறு ஒழுங்குபடுத்துவதென மின்னிணைப்பாளர் அறிவார். வீட்டின் பாதுகாப்பைக் குறைத்து இதனைச் சரிசெய்தல் மட்டும் கூடாது.

கோலை ஈரம் நிலைக்கும் இடத்தில், உதாரணமாகக் கிணற்றடியிலிருந்து நீர் வழியும் வாய்க்காலோரத்தில் நாட்டுதல் நன்று. பாறை தட்டும் இடத்திற் கோலை வெட்டிக் குறுக்கி நாட்டுதல் பயனற்றது. அங்கே அகழியில் மண் ஆழமாக உள்ள பகுதியைத் தெரிந்து, செப்புப் பட்டையை நீளமாகக் கிடத்திப் புதைக்கலாம். எம்முறையைக் கையாண்டாலும், மின்னிணைப்பாளர் கருவிகொண்டு தடையை அளந்து எழுதித் தருதல் வேண்டும். அவ்வளவு கோடை முற்றிய காலத்தில் எடுக்கப்படின் அதுவே நம்பத்தக்கது.

கொட்டிலினுள் அமைப்பு

கொட்டிலின் வாயிலருகே, நெஞ்சளவு உயரத்தில், நீர் தெறிக்காத மூடியுள்ள சிறு பகிர்வுப் பெட்டியை அமைத்தல் வேண்டும். உள்ளே செல்லாமலே எல்லாவற்றையும் நிறுத்தக்கூடிய சுவிச்சு அதில் இருத்தல் வேண்டும். பம்பிக்கு 16 அம்பியர் சி வகை எம்.சீ.பீ.யும், மோட்டரின் ஓட்டத்துக்கேற்ப அமைத்த மிகைச்சுமைக் காப்புள்ள ஸ்ராட்டரும் பொருத்துதல் வேண்டும். விளக்குகளுக்குத் தனி எம்.சீ.பீ. வேண்டும். பிளக்குகள் நாட்டின் நியமமான சதுரமுனை 13 அம்பியர் வகையினவாயிருத்தல் வேண்டும்.

யூரியா முதலிய பசளைகள் ஈரத்தை உறிஞ்சிச் செம்பையும் பித்தளையையும் அரிக்கும். ஆகவே பசளைச் சாக்குகளைப் பகிர்வுப் பெட்டியின் கீழ் அடுக்கலாகாது. வைக்கோலும் உமியும் நெற்தூசியும் எளிதில் தீப்பற்றுவன. விளக்குகள் மூடியிட்டனவாகவும், வைக்கோலுக்கு எட்டாத உயரத்திலும் இருத்தல் வேண்டும். மோட்டரின் காற்றுத் துவாரங்களிற் படியும் தூசியை அடிக்கடி நீக்காவிடின் மோட்டர் சூடேறும்.

கிணற்றினுள் அமிழ்த்தி வைக்கும் பம்பியாயின், அது இயங்கும்போது ஒருவரும் கிணற்றில் இறங்கவோ குளிக்கவோ கூடாது. பம்பியை அதன் கேபிளாற் தூக்குதல் ஆகாது. அதற்கெனத் தனிக் கயிறு வேண்டும்.

வேலிக்கு மின்சாரம் கொடுத்தல் கூடாது

கொட்டிலுக்கு மின்சாரம் வந்தபின் சிலர் காட்டுப்பன்றியையும் யானையையும் தடுக்கவென வேலிக்கம்பியில் அதனைத் தொடுத்துவிடுகின்றனர். இது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அதனினும் மேலாக, அக்கம்பி பன்றியையும் மனிதனையும் வேறுபடுத்தி அறியாது. விடியற்காலையில் வயலுக்கு நீர்காண வரும் அயலவரும், மாடு தேடி வரும் பிள்ளையும், கம்பி தொடுத்ததை மறந்த வீட்டுக்காரருமே அதற்கு இரையாகின்றனர். வனவிலங்குகளைத் தடுக்கும் அங்கீகரிக்கப்பட்ட மின்வேலி, விநாடிக்கு ஒருமுறை அளவில் மிகச் சிறு கணமே துடிப்பாக ஓட்டத்தைச் செலுத்தும் தனிக்கருவியால் இயங்குவது. அதனை அமைக்க விரும்புவோர் அதிகாரிகளின் ஆலோசனையைப் பெறல் வேண்டும்.

மின்வெட்டுக் காலமும் ஜெனரேற்றரும்

2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளின்போது பலர் ஜெனரேற்றர் வாங்கினர். அதனை இருமுனையும் ஆண் பிளக்குள்ள கம்பியால் வீட்டுப் பிளக்கிற் செருகுதல் பேராபத்தாகும். அம்மின்சாரம் மானியினூடாகத் தெருக்கம்பிக்கு ஏறி, கம்பத்தில் வேலைசெய்யும் தொழிலாளியைக் கொல்லலாம். இரண்டில் ஒன்றை மட்டும் தொடுக்கும் மாற்றுச் சுவிச்சு பொருத்தியே ஜெனரேற்றரைப் பயன்படுத்தல் வேண்டும். மின்சாரம் நின்றதும் பம்பியின் சுவிச்சை அணைத்துவிடுதலும் நல்ல பழக்கம்.

பராமரிப்பு

மாதம் ஒருமுறை ட்ரிப் சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தல் வேண்டும். உடனே விழாவிடின் அது பயனற்றது. மாற்றும்வரை தோட்டத்து மின்சாரத்தை நிறுத்தி வைத்தல் வேண்டும். மாரி தொடங்குமுன் புவித்தொடுப்புக் கம்பியின் இணைப்பையும், எலி கடித்த அடையாளங்களையும், பெட்டியின் மூடியையும் பார்த்தல் வேண்டும். இடியும் மின்னலும் மிகும் சித்திரை, ஐப்பசி மாதங்களில், முழக்கம் கேட்டதும் பம்பியின் பிளக்கைக் கழற்றிவிடல் நன்று. ட்ரிப் சுவிச்சு அடிக்கடி விழுமாயின் அது தொல்லையன்று, எச்சரிக்கை. அதனைக் கட்டிவைத்தோ கழற்றிவிட்டோ பம்பியை ஓட்டியவரின் குடும்பம் அதற்குப் பெரும் விலை கொடுக்க நேரும்.

விபத்து நேர்ந்தால்

மின்சாரம் பற்றியவரை வெறுங்கையால் தொடலாகாது. முதலில் சுவிச்சை அணைத்தல் வேண்டும். அது இயலாதெனின், உலர்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த மரத்தடியாற் கம்பியை விலக்கலாம். உடனே 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசி மூலம் அறிவித்து சுவசெரிய அம்புலன்ஸை அழைத்தல் வேண்டும். மூச்சின்றிக் கிடப்பவரை மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வரை, இரண்டு அங்குல ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருத்தல் வேண்டும். உதவி வரும்வரை இதனை நிறுத்தலாகாது. எழுந்து நடப்பவராயினும் வைத்தியரிடம் காட்டுதல் அவசியம்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. தகுதிபெற்ற மின்னிணைப்பாளரைக்கொண்டே இணைப்பைச் செய்வித்தல்.
2. தூரத்துக்கேற்ற பருமனுள்ள கம்பியை இடுதல்.
3. கவசக் கேபிளை ஆழப் புதைத்து, வழியை வரைந்து வைத்தல்.
4. கொட்டிலுக்கு 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிச்சும் அளந்து பார்த்த புவித்தொடுப்பும் அமைத்தல்.
5. வேலிக்கம்பிக்கு ஒருபோதும் மின்சாரம் கொடாதிருத்தல்.
6. மாதந்தோறும் சோதனைப் பொத்தானை அழுத்துதல்.

பம்பியின் அளவு, கிணற்றின் நீர்வளம், பயிருக்கு வேண்டிய இறைப்பு ஆகியன பற்றிய ஆலோசனைகளைக் கமக்காரர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் பெற்றுக்கொள்ளலாம்.